வாத்துப் பண்ணையின் படம்

அந்தப் பேச்சு இளையவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேநீர் மேசையில் அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த வாத்துப் பண்ணைக்காரங்க சாமியாருக்குச் சொந்தமா?"

"எனக்கெப்படி அண்ணி தெரியும்? உங்ககூட வேலை பாக்கிறவரு, நீங்களே கேளுங்க."

"வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கிற ஆளு. சாம்பிள் குழாய மாத்தி வெச்சிருப்பாரோன்னு இருக்கு."

"நீங்க யாரத்தான் நம்பியிருக்கீங்க? அண்ணனப் பத்தியே ரெண்டு இடத்துல விசாரிச்சீங்களாமே."

"ரெண்டு இடத்துலயும் ஒரே பதில் வந்துச்சு. அதான் கட்டிக்கிட்டேன்."

அண்ணி சிரிக்கவில்லை.

கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குபவள் அண்ணி. மிளகைவிடச் சிறிய செம்பு வலையில் ஒரு சொட்டு வைத்து, சாயமேற்றி, இருட்டறையில் உட்கார்ந்து வைரஸைத் தேடுவாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலடி போய்த் திரும்பிவந்து மறுபடியும் இழுப்பவள். நாத்தனாரான இளையவள் அதே கட்டடத்தில் கீழே, மாதிரிகளைப் பதிந்து வாங்கும் பிரிவில் இருந்தாள்.

பண்ணை மாதிரியை நுண்ணோக்கியில் படமெடுத்தபோது வைரஸ் தெரிந்திருந்தது. அந்தப் படம் மேலே போனால் அத்தனை வாத்துகளையும் கொன்று புதைப்பார்கள். வழக்கப்படி அதே குழாயிலிருந்து இன்னொரு வலை தயாரானது. அதில் ஒன்றுமே இல்லை. முதல் வலை அண்ணி செய்தது. இரண்டாவதைச் செய்தவர் சாமியார் என்று எல்லோரும் அழைக்கும் உதவியாளர். அன்றே மாதிரிகள் இருந்த குளிர்பெட்டியின் சாவி அண்ணியின் கைப்பைக்குள் போனது. சாமியார் வாசலில் நின்று சாவி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அண்ணியின் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தது.

தன் கையில் தவறில்லை என்று தலைமை அதிகாரிக்குக் காட்ட, முதல் நாள் செய்த வரிசையிலேயே எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். முதலில் நோய் உறுதியான கோழியின் மாதிரி. அடுத்து, பண்ணை மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர். வலையைப் பிடிக்கும் இடுக்கியை நடுவில் எப்போதும்போல் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீரில் வைரஸ் இருந்தது.

இடுக்கியின் இரு முனைகளுக்கு இடையே ஏறி ஒட்டிய ஈரம் துடைப்பில் போயிருக்கவில்லை. கோழியின் வைரஸ்தான் வாத்தின் வலைக்கு வந்திருந்தது. அண்ணி நேரே மேலே போய் அறிக்கையை நிறுத்தச் சொன்னாள். பண்ணையிலிருந்து மறுபடி வரவழைத்த மாதிரிகளிலும் நோய் இல்லை.

சாமியாரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "சாவியக் குடுங்க மேடம், வேலை கெடக்கு," என்றாராம்.

அன்று மாலை படியிறங்கும்போது அண்ணி இளையவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாளையிலேர்ந்து என் குழாய்க்கெல்லாம் நீயே நம்பர் ஒட்டு. நடுவுல ஒண்ணுல வெறும் தண்ணி ஊத்தி வை. எதுன்னு எங்கிட்டச் சொல்லாத. வீட்டுல வெச்சு நைசாக் கேப்பேன், அப்பவும் சொல்லாத."