பாடாலூரில் ஏறாத மலர்கொடி

பெரம்பலூர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி சேலை விரித்துக் காட்டும் மலர்கொடிக்கு ஒரே ஓர் ஆசை. சித்திரையில் மஞ்சள் சேலை கட்டி, வெறுங்காலோடு சமயபுரம் வரை நடந்துவிட வேண்டும். வருஷா வருஷம் கிளம்பத்தான் செய்தாள். பாடாலூர் வந்தால் உள்பக்கக் கணுக்கால் விண்விண்ணென்று தெறிக்கும். அங்கே டீக்கடையில் கணவன் குழந்தைவேல் பைக்கோடு காத்திருப்பான். "ஆத்தா உத்தரவு குடுக்கல, ஏறு" என்பான், வடையைக் கடித்தபடி. அவளும் அப்படியே நம்பி ஏறிவிடுவாள். அந்த வடைதான் அவளுக்குப் பொறுக்காது.

போன வருஷம் ஒரு பந்தலில் நடப்பவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். சிமெண்டுத் தரையில் எல்லார் சுவடும் நடுவில் ஒடுங்கியிருக்க, இவளுடையது மட்டும் தோசைபோல் முழுசாக விழுந்தது. அங்கே முகாம் போட்டிருந்த பிசியோதெரபிஸ்ட் சுகன்யா குனிந்து பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தட்டைப் பாதம். செருப்பு உள்பக்கமாத் தேயுதா?"

"ஆமாங்க. ஆத்தா கோவம்னு எங்க வூட்டுக்காரர் சொல்றாரு."

"ஆத்தா பாவம்க்கா. சிலருக்குப் பொறவியிலயே வளைவு இருக்காது. சிலருக்கு வயசாக ஆக, நின்னு நின்னு தசைநார் தளந்துரும். வலிக்கலைன்னா வைத்தியமே வேணாம். உங்களுக்கு வலிக்குதே."

மலர்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. ஆத்தா கோபிக்கவே இல்லையாம். அன்றிலிருந்து சுகன்யா சொல்லிக்கொடுத்தபடி கடைப் படியில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றினாள். கால்விரலால் துண்டைப் பொறுக்கினாள். கடைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செருப்புக்குள் வளைவைத் தாங்கும் மெத்தை அட்டையும் வந்தது.

இந்த வருஷம் அந்த அட்டையை உள்ளங்காலில் வைத்து மஞ்சள் துணியால் சுற்றிக் கட்டினாள். கூட நடந்த அனுசுயா முறைத்தாள்.

"காலுல எதுவும் போடக் கூடாதுடி."

"செருப்புன்னா வார் இருக்கணும். இதுல வார் எங்க இருக்கு?"

பாடாலூர் வந்தது. வடையோடு எழுந்த குழந்தைவேலைக் கண்டுகொள்ளாமல் மலர்கொடி கடந்து போனாள். அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடினான்.

"பெட்ரோல் தீந்துருச்சாண்ணே?" என்றார் ஒருவர்.

"பெட்ரோல் இருக்கு. பொண்டாட்டிதான் ஏறல."

சமயபுரம் கோபுரம் தெரிந்தபோது மலர்கொடி சிரித்துக்கொண்டே அழுதாள். அவ்வளவு தூரமும் பைக்கைத் தள்ளி வந்த குழந்தைவேல் அவள் பக்கத்தில் தரையில் சரிந்தான். சொம்புத் தண்ணீரைத் தன் காலில் ஊற்றி, சுவட்டைப் பதித்தான்.

"எனக்கும் தட்டையா பாரு."

அவள் பார்த்தாள். அழகான வளைவு.

"ஒண்ணுமில்லங்க. ஆத்தா உத்தரவு குடுக்கல" என்றாள். தரிசனம் முடிந்து ஊர் திரும்பும்போது அவனைப் பின்னால் ஏறச் சொல்லி, பைக்கை அவளே ஓட்டினாள்.