கேட்டில் தொங்கிய சங்கிலி

எனக்கு வாய் அதிகம். ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதனால் வயலில் ஆள் பிடிப்பது, உரக்கடையில் சண்டை போடுவது, வாடகை பேசுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. பேசிப் பேசிப் பழகிவிட்டது. என் ஏச்சை வாங்காதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. அதிகமாக வாங்கியவள் என் தங்கை. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சிரித்துக்கொண்டே நழுவிவிடுவாள்.

எங்களுக்குச் சாத்தூர் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு. பருத்தியும் மக்காச்சோளமும் போடுவோம். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் டிராக்டர் சும்மா நிற்கக் கூடாது என்று, டிரெய்லரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றி அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குத் தண்ணீர் அடித்தோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்து போவேன். டிரெய்லரை மாட்ட இரண்டு ஆள் வேண்டும். அவர் டிராக்டரைப் பின்னால் எடுப்பார். நான் நடுவில் நின்று, "வா, வா, இன்னும் ஒரு சாண், நில்லு" என்று கத்துவேன். டிராக்டரின் பின்புறத்துக் கொக்கியும் டிரெய்லர் மூக்கில் இருக்கும் வளையமும் நேராக வந்ததும், கட்டைவிரலை விடத் தடிமனான ஒரு இரும்புப் பின்னை மேலிருந்து இறக்குவேன். பின் துள்ளி வெளியே வராமல் இருக்க அடியில் ஒரு கிளிப். அந்தக் கிளிப்பும் பின்னும் போய்விட்டால்கூட டிரெய்லர் மூக்கு தரையில் விழாமல் தாங்கிப் பிடிக்க ஒரு சங்கிலி. இந்த மூன்றும் என் பொறுப்பு. அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். நான் "ஆச்சு" என்றால் ஆச்சு.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஒரு வாட்ச்மேன் அண்ணாச்சி இருந்தார். உள்ளே போகிற எல்லாரும் செருப்பைக் கழற்ற வேண்டும், போனைக் கொடுக்க வேண்டும், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பொறி பறக்காமல் இருக்க டிராக்டர் சைலன்ஸர் வாயில் வலை போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். முதல் நாளே எங்கள் சங்கிலியைப் பார்த்துவிட்டார்.

"தாயி, இது தரையில ஒரசுனா பொறி கெளம்பும். கழத்தி இங்கன போட்டுட்டுப் போங்க. உள்ள அம்புட்டும் வெடி மருந்து."

நான் மறு பேச்சுப் பேசவில்லை. வேறு யாராவது வேறு எதையாவது கழற்றச் சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் ஏசியிருப்பேன். ஆனால் அந்தக் கம்பெனியில்தான் என் தங்கை திரி செருகும் வேலை பார்த்தாள். வீட்டுக்காரரை இழந்து, ஒரே மகளை விருதுநகர் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கமாவது வெடிச் சத்தம் கேட்டால், சாப்பிடுகிற கையோடு எழுந்து போய்த் தெருவில் நிற்பேன். அவள் குரலைப் போனில் கேட்ட பிறகுதான் சோறு இறங்கும். அப்படிப்பட்ட என்னிடம் பொறி என்று சொன்னால் போதாதா? என் கையாலேயே சங்கிலியைக் கழற்றி, கேட் ஓரத்துக் கம்பியில் மாட்டினேன்.

முதல் சில நாட்கள் வெளியே வரும்போது திரும்பவும் பூட்டினேன். ஒரு நாளைக்கு நாலு நடை, ஐந்து நடை. ஒவ்வொரு தடவையும் வெயிலில் குனிந்து, கிரீஸ் சேலையில் படாமல் கழற்றுவதும் மாட்டுவதுமாக இடுப்பு போயிற்று. கிணற்றுக்கும் கம்பெனிக்கும் நடுவே கொஞ்ச தூரம்தானே என்று சங்கிலியை அங்கேயே விட்டுவிட்டோம். எங்களைப் போலத் தண்ணீர் அடித்த மற்ற வண்டிக்காரர்களின் சங்கிலிகளும் அந்தக் கம்பியில் வரிசையாகத் தொங்கின. தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை. நெருப்புக்குப் பயந்து நடந்துகொள்கிறோம் என்று எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த வருடம் கிளிப்பும் எங்கேயோ விழுந்து தொலைந்தது. கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். சாத்தூருக்குப் போகும்போதெல்லாம் வெங்காயம் வாங்கினேன், மாத்திரை வாங்கினேன், கிளிப் வாங்க மறந்தேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். தொட்டியை இறக்கி, டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, தெருவில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போவோம். டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு நாள் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதற்கு முந்திய புதன்கிழமை, நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது தங்கை சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். அன்றைக்கு மோட்டார் ஓடாமல் தண்ணீர் தாமதமாகி, மேனேஜர் வேறு சத்தம் போட்டிருந்தார். எனக்குத் தலை கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, வெள்ளிக்கெழம ஆளுகள ஏத்திட்டுப் போறோம். மறக்காம இந்தச் சங்கிலிய எடுத்து மாட்டிரு."

"ஆமா, திரி செருகுறவ எனக்கு வண்டி மாட்டச் சொல்லித் தர வந்துட்டா. போ புள்ள, போய் உன் சோலியப் பாரு."

வாட்ச்மேன் அண்ணாச்சி முன்னால் வைத்து ஏசினேன். அவள் வழக்கம்போலச் சிரித்தாள். சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை அரிசி ஊறவைப்பதும், சட்டி பானை எடுத்துவைப்பதும், யார் யார் வருகிறார்கள் என்று தெருவில் கேட்பதுமாகப் பொழுது போனது. சங்கிலி கேட்டிலேயே தொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை நான்தான் பின்னை இறக்கினேன். நான்தான் கம்பியை முறுக்கினேன். நான்தான் "ஆச்சு" என்றேன்.

தங்கை எப்போதும் டிரெய்லரின் கடைசியில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காருவாள். சின்ன வயதில் மாட்டு வண்டியிலும் அப்படித்தான். அன்றைக்கு எல்லாரையும் தாண்டி முன்னால் வந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன, இன்னைக்கு மகாராணிக்கு மொத சீட்டு கேக்குதோ?" என்றேன்.

"காத்து வாங்கத்தான்க்கா" என்றாள்.

மைக் செட் போட்டிருந்தார்கள். பெண்கள் குலவை விட்டார்கள். ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. பின்னாலிருந்து "அக்கா, அக்கா" என்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். தங்கை பலகைக்கு மேல் குனிந்து, கையைக் கீழே காட்டிக் காட்டி ஏதோ கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டோரத்தில் ஒருத்தி வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காயைப் பார்த்தால் என் தங்கை வண்டியை நிறுத்தச் சொல்வாள். ஒவ்வொரு வருடமும் சொல்வாள். நான் சிரித்தேன்.

"வாரப்ப வாங்கித் தாரேன், இரு!" என்று கத்திவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த குழியில் டிராக்டர் லேசாகத் துள்ளியது. பாரம் இல்லாத வண்டி மாதிரி முன்னால் ஓடியது. பின்னால் இரும்பு ரோட்டில் குத்தும் சத்தம் கேட்டது. இரும்புப் பின் கழன்றதும் டிரெய்லரின் மூக்கு தரையில் இறங்கி ஊன்றிக்கொண்டது. வந்த வேகத்தில் டிரெய்லர் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு, ஒருத்திக்குக் கை முறிவு. முன்னால் இருந்தவள் அடியில் கிடந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியில் என் மடியிலேயே போய்விட்டாள். இதற்கு மேல் இதை எழுத என்னால் முடியாது.

ஓட்டியவர் மேல் கேஸ். டிரெய்லர் ஸ்டேஷன் வாசலில் நின்றது. பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்து காட்டினார்கள். பின்னின் நடுப்பகுதி தேய்ந்து ஒடுங்கியிருந்தது. வளையத்தின் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டு போயிருந்தது. வருடக்கணக்காகக் கிரீஸ் காணாத இரும்பு ஒன்றை ஒன்று தின்றிருக்கிறது என்றார். அந்த ஆட்டத்தில் பின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கட்டுக்கம்பியை அறுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. "சங்கிலி இருந்திருந்தா மூக்கு கீழ விழுந்திருக்காதுங்க" என்று அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அன்று பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். இத்தனை வருடம் மருந்துக்குள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு ஒரு சூடு பட்டதில்லை, ஆத்தாளைப் பார்க்கப் போகிற வழியில் இப்படியா என்றார்கள். பின் உடைந்துவிட்டது, விதி என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். அவள் மகள் என் தோளில் சாய்ந்து அழுதபோதும் சங்கிலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஊரே பயந்த வாய், அன்று ஒட்டிக்கொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து, கம்பியிலிருந்து சங்கிலியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். துரு என் கையெல்லாம் ஒட்டியது. வீட்டுக்கு வந்து பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, சங்கிலி முழுக்கச் சுற்றிக் கட்டினேன். ரப்பர் சுற்றி, தரையைத் தொடாத அளவுக்குத் தூக்கிக் கட்டினால் பொறி வராது. பிறகு அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். அந்த வேலை முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அந்த டியூப் எங்கள் வீட்டுப் பரணில் எத்தனையோ வருடமாகக் கிடந்தது.

இப்போது புதுப் பின், புது வளையம், ஒன்றுக்கு இரண்டு கிளிப். மாட்டியதும் அவரை ஓர் அடி முன்னால் இழுக்கச் சொல்லி, நிறுத்தி, குனிந்து பார்ப்பேன். சங்கிலியை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் பூட்டுவேன். பாதி வழியில் நிறுத்தி இறங்கி மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். ஆள் ஏற்றுவதில்லை. எதிரே வருகிற வண்டிக்காரர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும்.

மறு வருடம் ஆடி பிறந்தது. தங்கை மகள் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் நான் வளையத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, டியூப் சுற்றிய சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அம்மாவின் விரல்கள் அப்படியே. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. கிரீஸ் கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியது நான், கிளிப் வாங்காதது நான், அவள் அம்மா சொல்லியும் கேட்காமல் ஏசி அனுப்பியது நான் என்று சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் கேள் என்றேன்.

அவள் சங்கிலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் பெரியம்மா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலையில அம்மா வண்டிக்குள்ள இருந்து போன் பண்ணுச்சு. 'சங்கிலிய அக்கா மறந்துருச்சு. பின்னால உக்காந்தா ஒண்ணும் தெரியாது, அதான் முன்னால வந்து அந்த இரும்புப் பின்னப் பாத்துக்கிட்டே வாரேன்'னு சொல்லுச்சு. ஏன்மா, பெரியம்மாட்ட சொல்லி எடுத்து மாட்டச் சொல்லலாம்லனு கேட்டேன்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"'கெளம்புற நேரத்துல சொன்னா எல்லாருக்கும் முன்னாடி ஏசும். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு'ன்னு சிரிச்சுச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொல்லுச்சு. நானும் இத்தன நாள் சொல்லல."

டிரெய்லர் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் தங்கை அன்றைக்கு வெள்ளரிக்காய் கேட்கவில்லை. காற்று வாங்க முன்னால் வரவில்லை. என் வேலையை எனக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல், எனக்குப் பயந்து.

ஏசியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் அவளை ஏசியிருப்பேன். ஏசிக்கொண்டே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பேன்.