ஐப்பசியில் இழைத்த கதவுகள்

வன்னியபெருமாளுக்கு வயது ஐம்பத்துநான்கு. அதில் இருபத்தெட்டைப் பூனாவில் ஒரு லேத் பட்டறையில் கழித்தார். அங்கே அவரை மதராசி என்றார்கள். நாலு பேர் நம்மை இன்னாரென்று அறிந்த பக்கமாகப் போய் இருப்போம் என்று, கோவில்பட்டிக்கு வெளியே எட்டயபுரம் சாலையில் கொஞ்சம் கரிசல் வாங்கி வீடு கட்டினார். குடிவந்த மூன்றாம் நாளே தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது: பூனாக்காரர்.

மனைவி பிரேமலதா எட்டயபுரத்துப் பெண்தான். பத்தொன்பது வயதில் ரயிலேறியவள், திரும்பி வர ஆசைப்பட்டதே இல்லை. ஊரை நினைத்துக் கண்கலங்குவதெல்லாம் அவர்கள் வீட்டில் ஆம்பிளை வேலை. லாரி கிளம்புமுன்பே கெடு சொல்லிவிட்டாள்.

“சித்திரை வரைக்கும் பாப்பேன். வீடு சரிப்பட்டு வரலைன்னா திரும்பப் பெட்டியக் கட்டுதோம். அப்புறம் சொந்த மண்ணு அது இதுன்னு எங்கிட்ட பேசக் கூடாது.”

சும்மா சொல்லவில்லை. பூனா வீட்டுக்கார மராத்தியர் அப்போது மாடி எடுத்துக்கொண்டிருந்தார். சித்திரையில் வேலை முடிந்ததும் அது உங்களுக்குத்தான் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே வன்னியபெருமாளுக்கு ஆறு மாதம் தவணை. வந்த முப்பத்தோரு பெட்டிகளில் பிரேமலதா பதினொன்றை மட்டும் பிரித்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். உழுது பிழைத்த நாகலாபுரத்துச் சம்சாரியின் மகனான வன்னியபெருமாளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் வயலுக்கு அடியில்தான் மண் இருக்கும், வீட்டுக்கு அடியில் தரைதான் இருக்கும் என்பது வெளியூர் போய்ப் பிழைத்தவர்களின் நம்பிக்கை. மண் உப்பியது, தரை நூல் கனம் எழும்பியது, கதவு நிலைகள் கோணின. முதலில் சிக்கியது குளியலறைக் கதவு, அவரை உள்ளே வைத்துக்கொண்டு.

“ஏ பிரேமா, கதவத் தள்ளு!”

“நீங்க கட்டுன வீடு. நீங்களே தள்ளுங்க.”

பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி ஓடிவந்தாள். பின்னால் இன்னும் மூன்று பேர். ஹாலில் மகள் சுதாராணி, பூனா கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், மீட்டிங்கை அணைக்கப் பொத்தானைத் தேடினாள். கடைசியில் பிரேமலதா கைப்பிடியை மேலே தூக்கி, கதவின் அடியில் ஓர் உதை விட்டு, இடுப்பால் ஓர் இடி இடித்தாள். “கட்டுனாராம் வீடு!” என்ற சொல்லோடு கதவு திறந்தது. உள்ளே துண்டோடு நின்றவருக்கு தெருப் பெண்கள் நான்கு பேர் சாட்சி.

“அண்ணாச்சி, பூனாவுல கதவே கிடையாதோ?” என்றாள் செண்பகவல்லி.

தச்சு வேலை பார்க்கும் சுடலைமணி வந்து நிலையைத் தடவிப் பார்த்தார். கருவியை எடுக்கவே இல்லை.

“இப்பக் கை வைக்கக் கூடாது அண்ணாச்சி. மண்ணு குடிச்சிருக்கு. குடிச்சவங்கிட்ட நியாயம் பேச முடியுமா? வெயில் வரட்டும், தானாத் தெளியும்.”

“அதுவரைக்கும்?”

“தள்ளிக்கிட வேண்டியதுதான்.”

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போட்டு வளர்ந்தவருக்குத் ‘தானாத் தெளியும்’ என்பது கெட்ட வார்த்தை. இழைப்புளி வாங்கினார். ஏழு கதவுகளையும் கழற்றி, அளந்து அளந்து, நாலு நாளில் இழைத்து மாட்டினார். விரலால் தொட்டால் ஆடின. மனைவியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினார். அந்த வழியாகப் போன சுடலைமணியும் நின்று பார்த்தார்.

“நல்லா இழைச்சிருக்கிய. பங்குனில வாரேன்.”

இதற்கிடையில் செண்பகவல்லி வீட்டு அடுப்படிக் கதவு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்த நேரம் பார்த்துச் சிக்கிக்கொண்டது. பிரேமலதா போய்த் திறந்தாள். அதிலிருந்து தெருவில் எந்தக் கதவு மக்கர் செய்தாலும் ‘பூனாக்கார அக்காவக் கூப்பிடு’ என்று ஆயிற்று. தூக்கல், உதை, இடி, புருஷனுக்கு ஒரு வசவு: இதுதான் முறை. ஒருதரம் வசவில்லாமல் முயன்று கதவு அசையவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பூனாவில் எதிர்வீட்டுக்காரியின் பெயர் தெரியாமல் பதினாலு வருஷம் இருந்தவள், கார்த்திகை முடிவதற்குள் பதினாறு வீட்டில் காப்பி குடித்திருந்தாள். வன்னியபெருமாள் இதைக் கவனிக்கவில்லை. அவர் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி வந்தது. மண் காய்ந்து வெடித்தது, தரை இறங்கியது, மரமும் சுண்டியது. கதவுக்கும் நிலைக்கும் இடையே இரண்டு விரல் போகும் சந்து. தாழ்ப்பாள் துளையை எட்டவில்லை. ஒரு சனிக்கிழமை மீட்டிங்கின் நடுவே சுதாராணியின் அறைக் கதவு காற்றுக்குத் தானாகத் திறந்தது. பின்னால் முற்றத்தில் கோவணத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வன்னியபெருமாளைப் பூனா மேலாளர் முழுசாகப் பார்த்தார்.

“அப்பா, ஒண்ணு எனக்குக் கதவு வேணும், இல்ல நீங்க சட்டை போடணும்.”

சொன்னபடி சுடலைமணி வந்தார். சந்துக்குள் இரண்டு விரலை விட்டார், எடுத்தார். போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சித்திரைக்கு ஒரு வாரம் இருந்தது. வன்னியபெருமாள் நியாயஸ்தர். தோற்றால் தோற்றதுதான். பிரித்த சாமான்களைத் தாமே திரும்பக் கட்ட ஆரம்பித்தார். மூன்றாவது பெட்டிக்கு டேப் ஒட்டும்போது பிரேமலதா எங்கோ காப்பி குடித்துவிட்டு வந்தாள்.

“என்ன பண்ணுதிய?”

“கெடு வந்துட்டு. வீடு சரிப்படல. ஒத்துக்கிடுதேன், போவோம்.”

“வீடு சரியில்லதான். யாரு இல்லன்னா? அதுக்காக ஊர விட்டா போவாக?”

“ஏட்டி, நீதான சொன்ன!”

“சொன்னேன். அன்னைக்கு எனக்கு இங்கன யாரத் தெரியும்? அடுத்த ஐப்பசிக்கு செண்பகவல்லி வீட்டுக் கதவ நீங்களா வந்து திறப்பிய? மாடிய வேற ஆளுக்கு விட்டுருங்கன்னு அந்த மராத்திக்காரர்ட்ட போன வாரமே சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“உங்களுக்கு எங்க நேரம்? இழைக்கவும் அளக்கவுமே சரியா இருந்துச்சு.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் தான் கட்டிய வீட்டுக்காக இல்லை, அது கோணலாய் இருந்ததற்காக. இதற்குச் சந்தோஷப்படலாமா கூடாதா என்று வன்னியபெருமாள் டேப்பும் கையுமாக நின்றார்.

“நிக்காதீய. கட்டுனதப் பிரிங்க. மிச்ச இருபதையும் பிரிங்க. தெருக்கோடி அழகிரிசாமி வீட்டுல நாளைக்கு வளைகாப்பு, நம்ம பெரிய அண்டாவக் கேட்டிருக்காக.”

அண்டா எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று எழுதி வைக்கவில்லை. அவர் எழுதி ஒட்டியிருந்ததெல்லாம் ஸ்பேனர்ப் பெட்டிக்குத்தான். பதினெட்டாவதாகப் பிரித்த பெட்டியில் அண்டா இருந்தது.