கோல் போடாதவரின் பெயர்

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு மரத்துப் போயிருந்தது. ஐந்து திசைக்குப் பாதை பிரியும் அந்த நிலையத்தில், எந்த நேரத்திலும் ஏதாவதொரு ரயிலுக்காக யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். நான் ஓட வேண்டியதில்லை. குழாயடியில் முகம் கழுவி, இரண்டு இட்லியும் ஒரு காபியும் சாப்பிட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

என் பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் பள்ளி ஆசிரியராக இருந்தாலும், கல்லூரி நாட்களில் கால்பந்தில் கோல் போடும் சென்டர் பார்வர்டாக ஆடியவன் நான். பந்தயங்களைப் பற்றி அவ்வப்போது பத்திரிகைக்கும் எழுதுவேன். அதைப் படித்த திண்டிவனம் வக்கீல் அரங்கநாதன், தங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு நடுவர் குழுவில் ஒருவராக வரும்படி அழைத்திருந்தார். விசில் ஊதும் வேலை இல்லை. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று மூவர் கூடிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயரை ஊர்க் கால்பந்து மன்றத்துப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதுவார்கள். அந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு வெள்ளிக் கோப்பையைவிட அந்தப் பலகைதான் பெரிது என்று வக்கீல் எழுதியிருந்தார்.

காலை ஏழரை மணி பஸ். திண்டிவனம் இருபத்து மூன்று மைல். கட்டணம் எழுபத்தைந்து நயா பைசா. பக்கத்து இருக்கையில் காணையிலிருந்து வந்த ஏழுமலை என்ற விவசாயி, மடியில், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். முண்டியம்பாக்கம் தாண்டும்போது கரும்பு வண்டிகள் வரிசையாக வந்ததால் பஸ் ஊர்ந்தது. எங்கோ பாகு காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியே வந்து போனது. மூட்டை மகள் வீட்டுக்கு என்று சொன்னவர், கூட்டேரிப்பட்டு வருவதற்குள், உண்மையில் தான் போவது பந்தாட்டம் பார்க்கத்தான் என்று ஒப்புக்கொண்டார்.

யார் ஆட்டம் என்று கேட்டேன். கோட்டக்குப்பம் காதர் என்றார். எத்தனை கோல் போடுவார் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

“அவரு கோல் போட மாட்டாருங்க. பேக்கு, பின்னால நின்னு தடுக்கறவரு. ஆனா அவரு ஒதைச்சா பந்து மேல போய்க்கினே இருக்கும். வெத்தலைய மடிச்சி வாயில போட்டுக்கினு நிமிந்து பாத்தா, அப்பவும் மேலதான் நிக்கும்.”

கிராமத்து மிகை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு வக்கீல் வீடு. வாட்டசாட்டமான மனிதர், கலகலப்பான பேச்சு. வக்கீலும் நானும் போக மூன்றாவது நடுவர் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார். வால்டர் என்ற அமெரிக்கர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரத்தைப் பழக்கிக் கொடுக்க வந்து, சில மாதங்களாகப் பயணியர் மாளிகையில் தங்கியிருந்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு. காரக் குழம்பைப் பயமில்லாமல் பிசைந்து சாப்பிட்டார். வெளிநாட்டவர் ஒருவர் மேடையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வக்கீல் அவரையும் சேர்த்திருந்தார்.

அவர் கால்பந்து ஆடியதுண்டா என்று சாப்பாட்டின்போது கேட்டேன். தன் நாட்டில் புட்பால் என்றால் வேறு ஆட்டம் என்று அவர் விளக்கினார். முட்டை வடிவப் பந்து. பெரும்பாலும் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்தை எதிரியிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று முயற்சி வீணாகிவிட்டால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை உள்ளே அழைப்பார்கள். அவர் பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையைத் தொடுமுன் ஓங்கி உதைத்து வானத்துக்கு அனுப்புவார். பந்து எப்படியும் எதிரிக்குத்தான். ஆனால் அவன் வெகுதூரம் பின்னால் போய் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த ஆளுக்குப் பண்டர் என்று பெயர். உதைத்ததும் மறுபடி ஓரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

கல்லூரியில் தான் பண்டராகத்தான் இருந்ததாக, ஏதோ வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுவந்த முட்டைப் பந்து ஒன்று காற்றிறங்கிப் பெட்டிக்குள் கிடப்பதாகவும் சொன்னார். அங்கே ஓர் ஊரில் மகத்தான ஆட்டக்காரர்களுக்காக ஒரு மண்டபம் கட்டுகிறார்களாம். யார் யாரைச் சேர்ப்பது என்று ஊரெல்லாம் பேச்சாம். பண்டர் யாராவது அதில் இருப்பார்களா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். பந்தை விட்டுக்கொடுப்பவனுக்கு யார் மண்டபத்தில் இடம் கொடுப்பார்கள் என்றார். அவர் குரலில் வருத்தம் தெரியவில்லை. அதுதான் நியாயம் என்றே அவர் நம்பினார். நானும் வக்கீலும் அதில் அவரோடு ஒத்துப்போனோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போனோம். ஏரிக்கரையை ஒட்டிய திடல். கிழக்கே வெகுதூரத்தில் பெருமுக்கல் மலை, பாறை பாறையாகத் தெரிந்தது. புங்க மரத்தடியில் நான் நின்றிருந்தபோது, லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் நேராக என்னிடம் வந்தார். குள்ளம்; ஆனால் தொடை இரண்டும் தேக்குத் துண்டுகள் போல. கோட்டக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் தாம்தான் என்றார். சிறு வயதில் அவர் தகப்பனாருக்கு சைகோனில் துணிக்கடை இருந்ததாம். துறைமுகத்துக் கூலிகளோடு ஆடிப் பழகிய கால் அது. இவ்வளவையும் நான் கேட்காமலே சொன்னார். அடக்கம் என்பதே அவரிடம் இல்லை.

“வருசா வருசம் வர்றேன் ஸார். கோல் போட்டவன் பேரெல்லாம் பலகையில கீது. கோல் வுழாம பாத்துக்கினவன் பேரு ஒண்ணுகூட இல்ல. அது இன்னா நியாயம்?”

கோல்தானே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் பதில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னிக்கி என்னைப் பாருங்க. பாத்துட்டு அதே பதிலச் சொல்லுங்க. ஒத்துக்கறேன்.”

ஆட்டம் நான்கு மணிக்குத் தொடங்கியது. எதிரணி விழுப்புரம். எல்லா வகையிலும் அவர்களே பலசாலிகள். ஓட்டம், பந்தைக் கடத்தும் நேர்த்தி, ஆள் கட்டு, எல்லாமே அவர்களிடம் இருந்தன. கோட்டக்குப்பத்துக்காரர்கள் மீன்பிடி வலை போலப் பின்னால் குவிந்து நின்று தாக்குப்பிடித்தார்கள். முதல் கால் மணியில் நான் எண்ணியது, இது மூன்று கோலில் முடியும் என்று.

அப்போது காதர் உதைத்தார். துள்ளி வந்த பந்து இடுப்பளவு உயரத்தில் இருந்தபோது, வெறுங்காலால் வாங்கினார். கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். பந்து புங்க மரங்களின் உச்சியைத் தாண்டியது. அதற்கும் மேலே போய்ச் சிறுத்தது. திடலில் இருந்த அத்தனை பேர் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. பேச்சு நின்றுவிட்டது. அந்த அமைதியில், கீழே ஆட்டக்காரர்கள் ஓடும் காலடி மட்டும் கேட்டது. என் வாழ்நாளில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். ஒரு பந்துக்காக ஒரு கூட்டம் மூச்சை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தில் வால்டர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பந்து மறுகோடியில் விழுந்தபோது அவர் ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று கேட்டேன். பந்தைப் பார்க்காதீர்கள், அவருடைய ஆட்களைப் பாருங்கள் என்றார். அடுத்த உதையில் பார்த்தேன். பந்து மேலே நிற்கும் நேரத்தில் களைத்துக் கிடந்த கோட்டக்குப்பத்து அணி முழுவதும் நாற்பது கஜம் முன்னேறி, மூச்சு வாங்கி, அவரவர் இடத்தில் நின்றுவிட்டது. அந்த மனிதர் தம் கூட்டாளிகளுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விழுப்புரம் எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது.

இடைவேளை வரை கோல் இல்லை. பிறகு பக்கம் மாறியது. கோட்டக்குப்பம் கிழக்கு நோக்கி ஆட வேண்டும். கடற்காற்று எதிரே வீசத் தொடங்கியிருந்தது. இனி காதர் உதை செல்லாது என்று வக்கீல் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆட்டம் முடியும் தறுவாயில், தங்கள் பாதியில் நடுக்கோட்டை ஒட்டிக் கிடைத்த ஒரு பந்தைக் காதர் எடுத்தார். நிதானமாக ஒரு தரம் காற்றைப் பார்த்தார். பிறகு, முன்பெல்லாம் உதைத்ததைவிடச் செங்குத்தாக, வானத்தை நோக்கியே உதைத்தார். பந்து ஏறியது, காற்றில் முட்டியது, அங்கேயே நின்றது. பெருமுக்கல் மலைக்கு மேலே ஒரு கரும்புள்ளியாக அது நின்றதை நான் என் கண்ணால் கண்டேன். கீழே சலீம் என்ற இளைஞன் நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து தலைதெறிக்க ஓடினான். கோல் காக்கும் விழுப்புரத்துக் கோலி மேற்கே பார்த்து, கண் கூசும் வெயிலில் பந்தைத் தேடிக்கொண்டு முன்னால் வந்தான். காற்று பந்தைப் பின்னுக்கு இழுத்துப் போட்டது. கோலியின் கைக்கு எட்டாமல் அது தரையில் விழுந்து எழும்பியபோது, சலீமின் தலை அங்கே இருந்தது.

ஒரு கோல். அதோடு ஆட்டம் முடிந்தது. கூட்டம் சலீமைத் தோளில் தூக்கிக்கொண்டது. காதர் தனியாக, கால் விரலில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலை ஆறு மணிக்கு மன்றத்து அறையில் மூவரும் உட்கார்ந்தோம். பெயிண்டர் தூரிகையோடு வெளியே காத்திருந்தார். வக்கீலுக்குச் சந்தேகமே இல்லை. கோல் போட்டவன் சலீம், வெற்றி அவனுடையது, நாளைக்குப் பலகையைப் பார்ப்பவர்களுக்கு வேறு பெயரை எப்படி விளக்குவது என்றார். நியாயமான வாதம்தான். அன்று ஆட்டம் தொடங்கும்வரை அது என் வாதமும்.

 வால்டர் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். “இருபது வருடமாக மகத்தான ஆட்டக்காரர்களைப் பற்றி யார் பேசினாலும், பண்டர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று முதலில் சொல்பவன் நானாகத்தான் இருந்தேன். என் சொந்த உதையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, உதைத்தவனுக்கு அது தெரியாது. இன்றைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். என் ஓட்டு காதருக்கு.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. காதர் என்றேன். வக்கீல் பெருந்தன்மையானவர், இரண்டுக்கு ஒன்று என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து பெயிண்டரை அழைத்தார்.

தம் பெயர் எழுதப்படுவதைக் காதர் அருகில் நின்று பார்த்தார். சலீம்தான் அவரைவிட அதிகமாகக் கூத்தாடினான். பெயர் முடிந்து பெயிண்டர் தூரிகையைக் கழுவப் போனபோது, காதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பக்கத்துல பேக்குன்னு எழுது.”

மற்றவர்களுக்கு அப்படி எழுதும் வழக்கமில்லை என்று வக்கீல் சொன்னார்.

“அவுங்கள்லாம் கோல் போட்டவங்க ஸார். வெறும் பேரு எழுதினா நானும் போட்டேன்னு நெனைச்சிப்பாங்க. நான் போட்டதில்ல. எதுக்குக் குடுத்தீங்களோ அத எழுதுங்க.”

 வால்டருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். வக்கீல் தலையசைக்க, பெயிண்டர் மறுபடி பொன்வண்ணத்தைத் தொட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு என் பஸ். திருச்சியில் எங்கள் மைதானம் இதைவிட இரண்டு மடங்கு பெரிது. புல் உண்டு, சுற்றுச்சுவர் உண்டு. கோப்பைகள் கண்ணாடி அலமாரி நிறைய இருக்கின்றன. இத்தனை வருடத்தில் அங்கே ஒரு பேக்குக்காக நான் கை தட்டியதாக நினைவில்லை.

ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ் மெதுவானது. திடலில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் வால்டர், ஊரிலிருந்து கொண்டுவந்து, பெட்டிக்குள்ளேயே கிடந்த முட்டைப் பந்துக்குக் காற்றடித்து எடுத்து வந்திருந்தார். எதிரே லுங்கியை மடித்துக் கட்டியபடி காதர். வால்டர் பந்தை நழுவவிட்டு உதைத்தார். அது திருகிக்கொண்டே, காலை வெயிலில் ஒரு பக்கம் மட்டும் மின்னியபடி மேலே போனது. டிரைவர் பிரேக்கை அழுத்தி, என்ஜினை நிறுத்தினார். ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.

பந்து இறங்கிய பிறகுதான் பஸ் கிளம்பியது.