எறும்புகள் இடம் மாற்றிய அன்று

ரோஸ்லின் அக்கா போய்விட்டார் என்று சாந்தி நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது பனியன் மடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியின் குழந்தைகள் அறையில் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தைத்த உங்களுக்கு, இந்த வலி புரியும்.

என் யாழினி அப்போது கைக்குழந்தை. கோடை. மதியமானால் அலறுவாள், உடம்பெல்லாம் வேர்க்குரு. வேலையை விட்டுவிடலாம் என்றே இருந்தேன். விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரரான அக்காவுக்கு எறும்பு என்றால் பைத்தியம். அறை மூலையில் பெயர்ந்த டைல்ஸைத் தூக்கினால் கடிக்காத கறுப்பெறும்புக் கூடு தெரியும். யாரையும் மருந்து போட விடமாட்டார். "பெத்தவ உள்ள கெடக்கா. முட்டைய நக்கிச் சுத்தம் பண்ணுததும், புழுவுக்கு ஊட்டுததும் அக்காமாருதான். என்னைய மாதிரி" என்று சிரிப்பார்.

ஒரு காலையில் எறும்புகள் வெள்ளை முட்டைகளையும் புழுக்களையும் கவ்விக்கொண்டு படியேறின. "ஏளா, பெருமழை வருது!" என்று அக்கா பிள்ளைகளையும் தொட்டில்களையும் மாடியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் ஹாலுக்கு ஏற்றிவிட்டார்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏனுங்க அக்கா, இது புள்ளைங்கள வெக்கற எடமுங்களா? வானம் பளிச்சுன்னு இருக்குதுங்க!"

"எறும்புக்கு மேனேஜர் கெடையாது சார். அதான் யாரையும் கேக்காம புள்ளைய மொதல்ல தூக்குது."

மழை வரவேயில்லை. அக்காவை ஓட்டித் தள்ளினோம். ஆனால் அன்று மதியம் யாழினி அழாமல் தூங்கினாள். மற்ற பிள்ளைகளும்தான். அக்காவுக்கு ஏதோ பொறி தட்டியது. கீழே போய் எறும்புக் கூடு இருந்த மூலைச் சுவரைத் தொட்டார். கொதித்தது. அயர்ன் செக்‌ஷனுக்குப் புதிதாகப் போட்ட நீராவி பைப் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஓடியது. நாங்கள் கோடை வெக்கை என்றே நினைத்திருந்தோம்.

"மழைன்னு நெனச்சேனே. அதுக சூட்டுக்குப் பயந்துல்லா புள்ளைகளத் தூக்கிட்டு ஓடியிருக்கு. நம்ம புள்ளைக அதுலயே கெடந்திருக்கே!" என்று அக்கா தேம்பித் தேம்பி அழுதார். மேனேஜரும் சுவரைத் தொட்டுப் பார்த்தார். குழந்தைகள் அறை மாடியிலேயே நின்றுவிட்டது. நானும் வேலையை விடவில்லை. யாழினி இன்று கல்லூரிக்குப் போகிறாள்.

அதன் பிறகு, புறங்கையால் தரையைத் தொட்டுப் பார்க்காமல் அக்கா எந்தக் குழந்தையையும் கிடத்தியதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். நேற்று கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும் முன், என் கை தானாகப் போய் மண்ணைத் தொட்டது.

குளிர்ச்சியாகத்தான் இருந்தது, அக்கா.