மருதாயி அக்காவின் முதல் கேசட்

எண்பதுகளில் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிவு செய்யும் வேலை எனக்கு. வெங்காய மண்டியில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்த் திருவிழாக்களில் பாடிவந்த மருதாயி அக்கா, தன் முதல் கேசட்டுக்குப் பாட வந்தார். எல்லாம் ஆம்பளைகளைக் கிண்டலடிக்கும் ரகளையான பாட்டுகள். சிரித்ததில் எனக்கு டீ புரையேறியது. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒரு தாலாட்டு பாடினார்.

தாலாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அவரைக் கேட்காமலே அதை அழித்துவிட்டு, முதல் பாட்டையே மறுபடி பதிந்துவிட்டேன்.

கேசட் வாங்க அக்கா தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கடைசிப் பாட்டைப் போடு தம்பி. நான் வெளியூருக்குப் பாடப் போனா இவ தூங்கவே மாட்டேங்குறா. இவளுக்காகத்தான் கேசட்டே போட்டேன்."

தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தால் மார்க்கெட்டே அதிரும். அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டார்.

"மெஷினை ஓட விடு."

லாரிச் சத்தம் கேட்கிறதே என்று கதவைச் சாத்தப் போனேன்.

"இருக்கட்டும்ப்பா. இவ அந்தச் சத்தத்துலதான் வளர்றா."

பாட்டு முடிவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால், அப்புறம் அதில் எதையும் அழிக்க முடியாது. உடைத்துத்தான் கொடுத்தேன்.

எந்தப் பாட்டு விற்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு பாட்டு யாருக்காக என்று கேட்க மட்டும் அதுவரை தோன்றியதில்லை.