டயர் பிதுங்காத லாரிகள்

"உங்க வீட்டுல காரே இல்ல. எழுபது வருசத்துக்கு முந்தின அமெரிக்கக் கார், லாரி விளம்பரத்தப் பத்தி நீ புதுசா என்னம்மா சொல்லிடப் போறே?"

முதுகலை வரலாற்று வகுப்பில் ஆய்வேட்டுத் தலைப்பைக் கொண்டுபோன அன்று என் பேராசிரியை இப்படிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. இணையத்தில் கிடைக்காத ஒரு விஷயத்தையாவது திங்கட்கிழமைக்குள் நானே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மற்றவர்களைப் போலத் திருவரங்குளம் கோயிலைப் பற்றி எழுத வேண்டும் என்றார். கோயில் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதைப் படிப்பது என்பதை வேறு யாரும் எனக்குத் தீர்மானித்துத் தருவதில் சம்மதமில்லை.

திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது வெளியே வந்த அமெரிக்க வார இதழ்க் கட்டு ஒன்று, பொன்னமராவதியில் ஒரு பழைய சாமான் கடையில் எனக்குக் கிடைத்திருந்தது. கட்டுரைகளை விட்டுவிட்டு விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். கார்கள் பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டு கிடக்கும். பின்பக்கம் மீன் வால் போலத் துடுப்பு. ஓட்டுகிறவருக்கு வேர்க்காது, சாலையில் ஒரு ஆடு குறுக்கே வராது. அதில் பாதி படம் கையால் வரைந்தது என்பதைக் கவனிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

சனிக்கிழமை ஒரு லாரி விளம்பரத்தில் கண் நின்றது. மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். டயரோ கொஞ்சமும் பிதுங்காமல் வட்டமாக இருந்தது. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். வண்டி தெருமுனை திரும்பும்போதே அம்மா பின் டயரைப் பார்ப்பார். பிதுங்கியிருந்தால் லோடு இன்னும் வண்டியில்தான், இறக்குகிற வேலையும் அப்பாவுக்குத்தான் என்று அர்த்தம். உடம்புக்கு ஊற்ற வெந்நீர் வைத்துவிடுவார். அந்தக் கண்தான் எனக்கும்.

"அம்மா, இந்த வெள்ளக்காரன் பொய்யா வரைஞ்சிருக்கான்!"

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். "மூட்டைக்குள்ள என்னடி?"

"நெல்லுதான்."

"ஒனக்கு எந்த மூட்டையப் பாத்தாலும் நெல்லுதான். பஞ்சா இருந்தா? கீழ என்னமோ பொடி எழுத்து இருக்கே, அதையும் படிச்சுட்டுப் பொய்யி புளுகுன்னு சொல்லு. இதுக்கா ஒன்னய காலேசுக்கு அனுப்புனோம்?"

படித்தேன். ஆட்டு ரோமம்! என் கண்டுபிடிப்பு அந்த இடத்திலேயே செத்தது.

மீதமிருந்த எல்லா இதழ்களையும் அன்றே புரட்டினேன், இந்த முறை பொடி எழுத்து உட்பட. செங்கல் ஏற்றிய லாரி, மரம் ஏற்றிய லாரி, பால் கேன் அடுக்கிய லாரி எனப் பதினோரு படங்கள். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். செங்கல்லுக்கு அடியிலும் டயர் வட்டமாகத்தான் இருந்தது. வெறும் வண்டியை வரைந்து பாரத்தை மேலே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஏன்?

ஒப்பிட்டுக் காட்ட உண்மையான வண்டியின் படம் வேண்டுமென்று, ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கறம்பக்குடிக்குப் போனேன். அங்கே தேங்காய் லோடு.

"அப்பா, லோடு ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஏத்துனப்பறம் ஒண்ணு, ரெண்டு போட்டோ எடுக்கணும்."

"ரெண்டையும் முன்னாடியே எடுத்துக்க ஆத்தா."

"ஏன்?"

"லோடோட எடுத்தா பின்பக்கம் குந்திக்கிட்டு நிக்கும். நாலு பேரு பாக்குற படத்துல எவனாச்சும் தன் வண்டிய அப்புடிக் காட்டுவானா?"

தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி வண்டிக்கு வெக்கப்படுறீங்க!"

அப்பா அவரைக் கண்டுகொள்ளாமல் துணியை நனைத்துக் கதவைத் துடைக்கத் தொடங்கினார். ஏமாற்றத்தான் அப்படி வரைந்தார்கள் என்று முந்தின இரவு எழுதிவைத்திருந்தேன். அப்பாவுக்குச் சுமை தெரியும், தினமும் சுமக்கிறவர். அவருக்கே குனிந்த வண்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நிறையக் கெஞ்சிய பிறகுதான் இரண்டாவது படத்துக்குச் சம்மதித்தார்.

திங்கட்கிழமை பதினோரு விளம்பரங்களையும் அப்பா வண்டியின் இரண்டு படங்களையும் மேசையில் பரப்பினேன். ரோம மூட்டைக் கதையையும் அப்பா சொன்னதையும் மறைக்கவில்லை. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து டயர்களைப் பார்த்தார்.

"அப்ப பொய் யாருதும்மா? விக்கிறவனுதா, வாங்குறவனுதா?"

"அது எனக்கு இன்னும் தெரியலங்க மேடம். அதத்தான் எழுதணும்."

தலைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே புதுக்கோட்டை லோடு வண்டி ஸ்டாண்டுக்குப் போனேன். மூன்று ஓட்டுநர்களிடம் படங்களைக் காட்டி, இவற்றில் எந்த வண்டியை வாங்குவீர்கள், ஏன் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.